எதிர்க்கட்சி

"இதென்ன கூத்து!" ஃபிரான்சஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தேம்ஸ் ஓரத்து பப். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் வருஷாவருஷம் மோதும் படகுப் போட்டி நாள். ஜன்னலோர மேஜையில் அவள் அப்பா ஹியூவும், அவர் நண்பர் லியனார்டும். ஐம்பது வருஷமாக இதே நாளில் இங்கே உட்கார்ந்து சண்டை போடுகிறவர்கள். அப்பா கேம்பிரிட்ஜ். லியனார்டு ஆக்ஸ்போர்டு.

இன்றைக்கு ஆக்ஸ்போர்டின் கருநீல மப்ளர் அப்பா கழுத்தில்! கேம்பிரிட்ஜின் வெளிர்நீலம் லியனார்டு கழுத்தில்!

அப்பாவுக்குக் கொஞ்ச காலமாகவே ஞாபகம் கரைந்துகொண்டிருந்தது. முதியோர் இல்லத்திலிருந்து லியனார்டுதான் அவரை அழைத்து வந்திருந்தார்.

"டேய் ஹியூ, நாட்டை ஆள உங்க ஆக்ஸ்போர்டு ஆள் அனுப்பும். அவங்க கெடுத்து வைக்கிறதைச் சரிபண்ண எங்க கேம்பிரிட்ஜ்தான்டா ஆள் அனுப்பணும்!" என்றார் லியனார்டு.

அது அப்பா வழக்கமாகச் சொல்லும் வசனம். சின்ன வயதில் இதே மேஜைக்கடியில் சிப்ஸ் தின்றபடி எத்தனை தடவை கேட்டிருப்பாள்!

"போடா கேம்பிரிட்ஜ் சதுப்புநிலத் தவளை!" அப்பா சீறினார். "நாங்க புஸ்தகம் படிச்சப்போ உங்க ஊர்ல விலாங்கு மீன் பிடிச்சிட்டிருந்தாங்க!"

பப்பே சிரித்தது. ஃபிரான்சஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே ஆரவாரம். படகுகள் கடந்தன. வெளிர்நீலம் முந்திவிட்டது.

"அடுத்த வருஷம் பாருடா!" என்று அப்பா முஷ்டியை ஆட்டினார். முகமெல்லாம் சிவந்து, பழைய அப்பாவாகவே இருந்தார்.

லியனார்டு பீர் வாங்க எழுந்தபோது ஃபிரான்சஸ் மடக்கினாள்.

"அங்கிள், அப்பாவுக்குன்னு மிஞ்சியிருந்தது அந்த கேம்பிரிட்ஜ் ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டு, நாலு பேர் சிரிக்க வேடிக்கை காட்டுறீங்களே, நல்லா இருக்கா?"

"நான் பிடுங்கலைம்மா." லியனார்டின் குரல் இறங்கியது. "போன மாசம் பார்க்கப் போனேன். அவன் படிச்ச காலேஜ், தங்கின ரூம், உங்கம்மாவை முதல்ல பார்த்த ஆத்தங்கரை, எதுவுமே அவனுக்கு நினைவில்லை. ஆனா நான் இத்தனை வருஷமா அளந்த ஆக்ஸ்போர்டு கதையெல்லாம் ஒண்ணு விடாம சொல்றான். தனக்கே நடந்த மாதிரி. ‘நீயும் நானும் ஆக்ஸ்போர்டுதானேடா?’ன்னு கேட்டான்."

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். ‘அப்ப நான் யாருடா?’ன்னு அழுதுட்டான்."



"எங்கேடா ஓடிட்டே, கேம்பிரிட்ஜ்காரா? வாடா இங்கே!" ஜன்னலோரத்திலிருந்து அப்பாவின் குரல்.

"வரேன்டா தடியா!" என்று கத்திவிட்டு, லியனார்டு இரண்டு கிளாஸையும் கையில் எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரே கட்சியில இருந்தா, அவனோட சண்டை போட யாரும்மா இருக்கா? அதான், நான் கட்சி மாறிட்டேன்."