உள்ளங்கைப் புரட்டு

“பேச்சு மாறக் கூடாது. காசு சொல்றதுதான் தீர்ப்பு,” என்றான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன்.

“நான் என்னிக்குங்க மாறியிருக்கேன்?” என்றாள் அவன் மனைவி, மடியில் கிடந்த பூனையைத் தடவியபடி.

விஷயம் சின்னதல்ல. அவளுக்கு, அவள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் துறைமுக நகரத்துக் கிளையில் மேலாளர் பதவி வந்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று மதியத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். போவதென்றால் வீடு, அவன் கடை, மாலையில் கேரம் ஆடும் கூட்டாளிகள் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டும். போயே தீருவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அவன் முடியவே முடியாது என்றான். காபி ஆறிப்போனதுதான் மிச்சம். கடைசியில், கல்யாணமானதிலிருந்து வழக்கமான முடிவுக்கு வந்தார்கள். பூவா, தலையா.

சாவிகள் போடும் கிண்ணத்திலிருந்து அந்தப் பழைய காசை எடுத்தபோது அவனுக்கு உள்ளூரக் குஷி. அந்தக் காசில் அவன் தோற்றதே இல்லை.

காரணம் உண்டு. எந்த நாணயச்சாலையில் அச்சடித்தது என்று காட்ட, அதன் பூப்பக்கத்தில், வருடத்துக்குக் கீழே, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புள்ளி துருத்திக்கொண்டிருக்கும். சுண்டிய காசைப் பிடித்து மூடியதும் அவன் கட்டைவிரல் அந்தப் புள்ளியைத் தேடும். தட்டுப்பட்டால் விரலுக்கடியில் பூ, இல்லாவிட்டால் தலை. தோற்கிற மாதிரி இருந்தால், மூடிய கைக்குள்ளேயே ஒரு சின்னப் புரட்டு. அப்புறம்தான் இடது மணிக்கட்டில் கவிழ்ப்பான்.

அப்படித்தான் இந்த மாடி வீடு வந்தது. கீழ்வீடு போதும் என்று அவள் எவ்வளவோ மன்றாடினாள். பூனையே ஆகாது என்றாள். அதிலும் அவனுக்கே வெற்றி. ஞாயிற்றுக்கிழமை தன் அடுப்பை யாரும் தொடக் கூடாது என்று அவள் அடம்பிடிக்க, சுண்டி ஜெயித்து, இன்றுவரை ஞாயிறு சமையலை அவனே விட்டுக்கொடுக்காமல் செய்துவருகிறான்.

“என்ன வேணும், சொல்லு.”

“தலை. குடும்பத் தலைவி வேற எதைக் கேட்பா?”

காசு மின்விசிறி உயரத்துக்குப் போய்த் திரும்பியது. பிடித்தான். கட்டைவிரலில் புள்ளி இடறியது. விரலுக்கடியில் பூ என்றால், கவிழ்த்ததும் மேலே தெரியப்போவது தலை. ஆபத்து. முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒரு புரட்டுப் புரட்டி, மணிக்கட்டில் கவிழ்த்துக் கையை எடுத்தான்.

தலை.

அவன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பூப்பக்கம் வருடத்துக்குக் கீழே மொட்டையாக இருந்தது. புள்ளி தலைப்பக்கம், கழுத்துக்குக் கீழே உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தது.

“இது நம்ம காசு இல்லையே.”

அவள் கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். “உங்க காசு இதோ. ரெண்டும் ஒரே வருஷம்தான். முதல்ல அடிச்சதுல புள்ளி கழுத்துக்குக் கீழே இருந்துச்சாம், அப்புறம் பூப்பக்கம் மாத்திட்டாங்களாம். பழங்காசுக் கடைக்காரர் தேடி எடுத்துக் கொடுத்தார். ஊருக்கெல்லாம் கண் டெஸ்ட் பண்றீங்க, உங்க கண்ணுல படலை பாருங்க.”

அவன் முகம் சிவந்தது. அசட்டுச் சிரிப்பு ஒன்று தானாக வந்தது.

“அப்போ என் கை வித்தை உனக்குத் தெரியுமா? எப்போலேர்ந்து?”

“கல்யாணமான மறு மாசத்துலேர்ந்து.”

“தெரிஞ்சுமா இத்தனை வருஷம் தோத்துக்கிட்டே இருந்தே?”

அவள் பூனையை இறக்கிவிட்டு, பால்கனியில் வரிசையாகப் பூத்திருந்த தன் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

“நான் எங்கே தோத்தேன்? மாடி வேணும், பூனை வேணும், ஞாயித்துக்கிழமை ஓய்வு வேணும்னு தோணினப்பல்லாம் வேண்டாம்னு சொன்னேன், கிடைச்சுது. இந்தப் பதவியை மட்டும் வேண்டாம்னு சொல்ல வாய் வரலைங்க. அதான் காசை மாத்த வேண்டியதாப் போச்சு.”