காக்கை தேடிய கட்டுரை

இந்தக் கதையில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். காக்கை இன்னும் நாற்காலியில் சரியாக உட்காரவே இல்லை.

நாளைக்கு அது முட்டையிட வேண்டும். கூட்டில் குயில் முட்டை கலந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதற்குள் தெரிந்தாக வேண்டும். போன தடவை தப்பித்தாயிற்று, இந்தத் தடவையும் ஏமாறக் கூடாது. அதனால்தான் போன தடவை பொரித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்து, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கணினி முன்னால் உட்கார்ந்தது. அலகால் கொத்தினால் இரண்டு எழுத்து சேர்ந்து விழுந்தது. தட்டும் வேலையைப் பிள்ளையிடம் விட்டது.

“காக்கை, கூடு, குயில் முட்டை. போட்டியாடா?”

“போட்டேம்மா. ஒண்ணும் வரலை.”

“உலகத்துல ஒருத்தருமா எழுதலை? மறுபடி பாரு.”

“பார்த்தாச்சும்மா. பூஜ்ஜியம். இரு, நூலகரைக் கேட்டுட்டு வரேன்.”

பிள்ளை அலமாரிக்குப் பின்னால் போனது. உடனே நூலகர் ஆந்தையின் கரகரத்த குரல் கேட்டது. “அதைப் பத்தி யாரும் ஆராய்ச்சியே பண்ணலம்மா. நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”

காக்கைக்கு மனசு விட்டுப்போயிற்று. எழுந்திருக்கும்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தது. தேடும் சொற்களுக்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது: ‘இந்தச் சொல் வரும் கட்டுரைகள் வேண்டாம்.’ அதில் ‘குயில்’ என்று தட்டியிருந்தது.

காக்கை அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. ஆந்தையைக் காணோம். பிள்ளை மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லார் குரலிலும் பேசத் தெரிந்த அதற்குச் சிரிப்பை மட்டும் மாற்றத் தெரியவில்லை.

“கூ... கூ... கூ...”

“அடப்பாவி!” என்றது காக்கை. “போன தடவையே கலந்தாச்சா?”