ஓரத்துக்கு வெளியே ஒரு வரி

அந்த வரி ஒன்பதாவது போனிலும் தெரியவில்லை. நசாலி அதை மேசைமேல் கவிழ்த்துவிட்டுப் பத்தாவதை எடுத்தாள்.

"இதுலயாவது வருதா?" என்றார் கக்வா. கம்பாலா நகரில் இணையப் பக்கங்கள் செய்துகொடுக்கும் அந்த மூன்றாம் மாடி அலுவலகத்துக்கு முதலாளி அவர்தான். சனிக்கிழமை காலையிலேயே அவர் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"இல்ல சார். மேல ஸ்கூல் கட்டித் தர்றோம்கிற பத்தி இருக்கு. கீழ ஆஸ்பத்திரி பத்தி இருக்கு. நடுவுல அது இல்ல."

"தேடு. ஒரே ஒரு போன்ல வந்தாப் போதும்."

வராது என்று நசாலிக்குத் தெரியும். வராமல் செய்தவளே அவள்தான்.

சதுப்பு நிலத்தை ஒட்டிய நமகோவா குடியிருப்பை ஒரு நிலக் கம்பெனி கேட்டது. மொத்தம் அறுபத்திரண்டு வீடுகள். 'ஆட்சேபணை உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குள் நேரில் வந்து பெயர் பதிய வேண்டும். வராதவர்கள் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்' என்ற வரி கம்பெனியின் இணையப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அது யார் கண்ணிலும் படக் கூடாது என்பது கம்பெனியின் ஆசை.

நசாலி இரண்டையும் நிறைவேற்றிக் கொடுத்தாள். பத்தியின் முதல் வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஆரம்பிக்க ஒரு கட்டளை உண்டு. அதைத் திருப்பிப் போட்டு, அந்த வரியை இடது பக்கமாகப் பத்தாயிரம் திரைப்புள்ளி வெளியே தள்ளிவிட்டாள். வரி பக்கத்தில் இருக்கும், திரையில் இருக்காது.

ஒரு பழைய பிரவுசரில் மட்டும் கடைசி இரண்டு எழுத்து ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அதற்கென்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அதையும் துரத்தினாள். கெட்டிக்காரி என்று கக்வா மெச்சியபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று வெள்ளிக்கிழமை. பத்தரை மணிக்கு அறுபத்திரண்டு வீட்டுக்காரர்களும் வரிசையாக வந்து நின்று பெயர் பதிந்தார்கள். எங்கள் போன்களில் அந்த வரியே இல்லையே என்று கையோடு புகாரும் கொடுத்தார்கள். மாலையில் விசாரணை அதிகாரி பக்கத்தை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"திங்கட்கிழமை விசாரணை," என்றார் கக்வா. "ஏதாவது ஒரு போன்ல அந்த வரி வருதுன்னு காட்டிட்டா தப்பிச்சோம். ஒரு பிரவுசர்ல தெரியும், ஒண்ணுல தெரியாது, ஊரு உலகத்துல உள்ள கோளாறுதானேன்னு சொல்லிடலாம். எதுலயுமே வரலேன்னா வேணும்னே மறைச்சதுன்னு ஆகிடும். அப்ப உன் பேரைத்தான் கொடுப்பேன்."

"நீங்க சொல்லித்தானே சார் செஞ்சேன்?"

"எழுத்துல இருக்கா?"

நசாலிக்குக் கண்ணெதிரே ஜெயில் வாசல் தெரிந்தது. பத்தாவது போனையும் கவிழ்த்து வைத்தாள்.

"யாரோ ஒருத்தர் போன்ல வந்திருக்கு சார். வராம எப்படி இத்தனை பேருக்குத் தெரிஞ்சுது?"

கம்பெனி அனுப்பியிருந்த ஆட்சேபணைப் பதிவேட்டில் முதல் பெயர் லுபேகா. பக்கத்தில் அவருடைய போன் நம்பர். கக்வா தலையசைக்க, நசாலி ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள்.

எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்துவிட முடியுமா? ராத்திரி நல்லாத் தூங்கினியா, வீட்டுல எல்லாரும் சுகமா என்று பெரியவர் அவசரமே இல்லாமல் விசாரித்தார். கக்வா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கம்பெனிப் பக்கத்தை எழுதுறது நான்தாங்கய்யா," என்றாள் நசாலி.

"அப்படியா! உன் உழைப்புக்கு நன்றிம்மா."

யார் வேலை செய்தாலும் அங்கே சொல்கிற வார்த்தைதான். நசாலி அவசரமாகக் கேள்விக்கு வந்தாள்.

"எல்லாருக்கும் சரியா வருதான்னு பார்க்கிறோங்கய்யா. அந்த ஆட்சேபணை வரி உங்க போன்ல வந்துச்சா?"

"வந்துச்சே! ஸ்கூலு முடிஞ்சு, ஆஸ்பத்திரிக்கு முன்னாடி. அக்கம்பக்கத்துல சொன்னேன். அவங்கவங்க போன்ல தேடிட்டு, 'உமக்கு வயசாயிடுச்சு லுபேகா'ன்னு சிரிச்சாங்க. போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் என் போனையே எல்லார் நடுவுலயும் வெச்சேன். அப்புறம் ஒருத்தரும் சிரிக்கலே."

கக்வாவின் முகத்தில் உயிர் வந்தது. யாருடைய வீட்டைப் பிடுங்கப் பார்த்தாளோ அவரே தன்னைக் காப்பாற்றுகிறார் என்று நசாலிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அது என்ன போனுங்கய்யா?"

"மருமகன் கொடுத்த பழசும்மா. மழைக்காலத்துல பைக்லேருந்து விழுந்து கண்ணாடி நொறுங்கிடுச்சு. கரிக்கட்டை மாதிரி இருக்குங்கிறாங்க. எனக்கு அது போதும்."

கரிக்கட்டையில் வரி தெரியுமா, கிழவருக்குக் குறும்பு ஜாஸ்தி என்று கக்வா கண்ணடித்தார். ஒரு காகிதத்தில், 'வரி எங்கே நின்னுதுன்னு கேளு. பிரவுசர் எதுன்னு தெரிஞ்சுடும்' என்று எழுதி நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணுங்கய்யா. அந்த வரி இடது ஓரத்துலேருந்தே ஆரம்பிச்சுதா, இல்ல கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்துச்சா? திங்கட்கிழமை அதிகாரிகிட்ட நீங்க அதைச் சொன்னாப் போதும்."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் பிறவியிலேயே கண்ணு தெரியாதவன், பக்கத்துல எழுதியிருக்கிற எல்லாத்தையும் இந்தப் போன்தான் எனக்குச் சத்தமா வாசிச்சுச் சொல்லும்!"