புறங்கை மை

ஒச்சம்மாவின் புறங்கையில் குத்திய முத்திரை போவேனா என்றது. கரும்பு வெட்டப் போன ஊரிலிருந்து திரும்பும்போது, தொற்றுக்காலம் என்று சோதனைச்சாவடியில் குத்தியது. வீட்டுக்குள் அடைந்து கிடக்கச் சொன்ன கெடுவும் முடிந்துவிட்டது. செங்கற்பொடி போட்டுத் தோல் உரியத் தேய்த்தும் மை அப்படியே இருந்தது. "மையோட உள்ள வராத" என்று, வேலைக்குப் போன செங்கல் சூளையின் மேஸ்திரி விரட்டிவிட்டார். உலை வைக்க அரிசி இல்லை. சூளை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

முகக்கவசம் போட்ட ஒரு பெண் கைப்பேசியோடு வந்து எட்ட நின்றாள். "அக்கா, கருத்துக் கேக்க வந்திருக்கேன். இந்த நோய்க் காலத்துல தேர்தல் வைக்கலாமா, வேண்டாமா?"

"ஓட்டுப் போட்டா மை வெப்பாகல்ல?"

"வெப்பாங்க."

"இதே மைதான? ஓட்டு மைன்னு குத்துனவனே சொன்னான்."

அந்தப் பெண்ணுக்குக் குழப்பமாகிவிட்டது. "அது விரல்லக்கா. நோய்க்கு இல்ல."

"எதுக்கு வெச்சதுன்னு மைக்குத் தெரியுமா? இந்த ஒண்ணோட படுற பாடே போதும். வேணாம்னு போட்டுக்க."

அந்தப் பெண் பதிலைக் குறிக்கக் கைப்பேசியைத் தொடப்போனாள்.

"இரு தாயி. மேஸ்திரிக்கும் வெப்பாகளா?"

"ஓட்டுப் போடுற எல்லாருக்கும்."

"மொதலாளிக்கு?"

"அவருக்கும்தான்."

ஒச்சம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாருக்கும் மை வைத்துவிட்டால் யாரை யார் வெளியே நிறுத்துவது? இல்லை, எல்லாருமே வெளியேதானா? அப்புறம் சூளையை யார் மூட்டுவது? ஒன்றும் பிடிபடவில்லை.

"அப்ப நாளைக்கே வெக்கச் சொல்லு."

"தேர்தலையாக்கா?"

"மையை."