வடித்த காது

சகாயம் கம்பவுண்டர் கத்தரியை ஸ்பிரிட்டில் முக்கி எடுத்தபோது செல்லக்கனி கண்ணை மூடவில்லை. இரண்டு பிள்ளை பெற்று ஒன்றைப் புதைத்தவள். ஒரு கத்தரியைப் பார்த்தா பயப்படப் போகிறாள்?

தோளைத் தொட்டுக் கிடந்த வலது காதின் சதையை அவர் இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தார்.

நறுக்.

மரத்துப்போவதற்கு ஊசி போட்டிருந்தார். ஊசி பாதி வேலைதான் செய்தது. மீதியை அவள் பல்லைக் கடித்துச் சமாளித்துக்கொண்டாள்.

அறுந்த துண்டு எனாமல் தட்டில் விழுந்து லேசாகச் சுருண்டது. ஈ ஒன்று வந்து அதன்மேல் உட்கார்ந்தது. கம்பவுண்டர் கையை வீசி விரட்டினார். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பவும் அங்கேயே வந்தது.

 

இந்தக் காதுக்காகப் பட்ட பாடு கொஞ்சமா? நடை பழகும் முன்பே குத்தி, பஞ்சு திணித்து, ஓட்டை பெருத்ததும் காதை இழுத்து நீட்ட ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டு, சீழ் பிடித்து, அழ அழ வளர்த்த காது. பெண் பார்க்க வந்த மாமியார் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காதைத்தான் பிடித்துப் பார்த்தாள். மருமகளுக்குக் காது தோள் வரைக்கும் கிடக்கிறது என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காதில் தங்கப் பாம்படம் ஆட செல்லக்கனி நடந்து போனால் மற்றவர்கள் வயிறெரிந்தார்கள்.

அதே காதுதான். இப்போது அதற்குப் பட்டிக்காடு என்று பெயர். பஸ்ஸில் படித்த பெண்பிள்ளைகள் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

மகன் சுயம்புலிங்கம் திருவனந்தபுரத்தில் குமஸ்தா. வருகிற வியாழக்கிழமை அவனுக்கு நாகர்கோவிலில் கல்யாணம். பாம்படத்தை உருக்கித்தான் மருமகளுக்குச் சங்கிலி செய்திருந்தது.

பெண்ணின் தகப்பன் வக்கீல். பெண்ணின் தாயை நிச்சயத்தன்று பார்த்தாள். அவளுக்கும் இவள் வயதுதான் இருக்கும். ஆனால் சின்னக் காது, அதில் சின்னக் கம்மல், பவுடர் போட்ட கன்னம். பக்கத்தில் நின்றபோது அந்த அம்மாளுக்கே தான் தாய் என்பதுபோல செல்லக்கனி கூசிப்போனாள்.

 பிறகு ஒருநாள் சுயம்பு சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தான்.

"அம்மா, காதை அறுத்துத் தச்சா ஒனக்குப் பத்து வயசு கொறஞ்சிரும். பந்தல்ல எனக்க பக்கத்துல ஜம்முன்னு நிக்கலாம்."

அப்பன் தங்கப்பனைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. காலமெல்லாம் வெறும் மேலோடு திரிகிற மனிதர். ஒரு சட்டையை மாட்டிவிட்டால் சம்பந்தி ஆகிவிடுவார். பொம்பளைக்குத்தான் கத்தரி தேவைப்படுகிறது.

இருந்தாலும் அவளுக்குச் சந்தோஷம்தான். பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மகன் நினைக்கிறானே. அதற்காகக் காது என்ன, கழுத்தையே நீட்டியிருப்பாள்.

கம்பவுண்டர் மிச்சச் சதையைச் சேர்த்துப் பிடித்து ஊசியை ஏற்றினார். சதைக்குள் நூல் இழுபடும் சத்தம் அவளுக்கு மிக அருகில் கேட்டது. இருக்காதா, காதைத்தானே தைக்கிறார். ரத்தம் கழுத்து வழியே இறங்கி ரவிக்கையை நனைத்தது. கன்னம் கனத்து ஒரு பக்கமாக இழுத்தது.

தைத்து முடித்துக் கண்ணாடியை நீட்டினார்.

ஒரு பக்கம் சின்னக் காதோடு யாரோ ஒருத்தி. மறுபக்கம் பழைய செல்லக்கனி. நடுவில் வீங்கத் தொடங்கியிருந்த முகம் எவளுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வியாழக்கிழமைக்குள்ள ஆறீருமா கம்பவுண்டரே?"

அவர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார்.

"வியாழக்கிழமையா? கல்யாணம் கழிஞ்ச பொறவு செய்யலாம்னு சுயம்பு தம்பி கேக்க வந்த அன்னைக்கே நான் சொன்னேனே அம்மா. மொகம் வீங்கிரும், தலையச் சுத்திக் கட்டு கெடக்கும், பந்தலுக்குப் போவ முடியாதுன்னேன். அதைக் கேட்ட பொறவுதானே, அப்பம் கல்யாணத்துக்கு முன்னயே செஞ்சிருங்கன்னாரு."

சொல்லிவிட்டு அவர் கட்டுத்துணியைப் பிரிக்கத் தொடங்கினார். அதில் அவருக்குத் தப்பாக ஒன்றும் படவில்லை.

செல்லக்கனி தட்டில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  சத்தம் போட்டு அழலாம் என்றுகூட நினைத்தாள். வாயைத் திறந்தால் தையல் இழுத்தது.

ரத்தம் நிற்க இப்போதைக்குத் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டு முடித்து, கம்பவுண்டர் அடுத்த பக்கம் வந்து இடது காதைப் பிடித்தார். அவள் அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்தாள்.

வெளியே மார்த்தாண்டம் சந்தை இரைந்துகொண்டிருந்தது. முதல் எலெக்‌ஷனுக்கு எழுதிய சுவரெழுத்து அழியாத டீக்கடை ஓரத்தில், சுயம்பு பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தாயைக் கண்டதும் எழுந்தான். தலைக்கட்டையும், ரவிக்கையில் ஊறிய ரத்தத்தையும், மறுபக்கம் தோளில் மோதி ஆடிய நீளக் காதையும் மாறி மாறிப் பார்த்தான். டீக்கடையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். பாதிச் சாயா ஆறிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது? மத்த காது?"

"அது கெடக்கட்டும் மக்கா. வியாழக்கிழமை ஒனக்க பக்கத்துல நின்னு, பந்தல்ல எல்லாரும் பாத்த பொறவு அறுத்துக்கிடலாம்."