கை நனைத்த கதை

"காப்பி போதும்ணே. பேசி முடிக்காம நாங்க கை நனைக்க மாட்டோம்."

பேரையூரிலிருந்து பெண் பார்க்க வந்த சோணையம்மாள், மகனோடு உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாள்.

நல்லகாமன் வற்புறுத்தவில்லை. இதற்கு முன் இரண்டு கூட்டம் எழுமலைக்கு வந்து, அவர் மகளின் கையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பியிருந்தது. வடை பாயசத்தோடு மூன்றாவது விருந்து உள்ளே ஆறிக்கொண்டிருந்தது.

"கையச் சேலைக்குள்ளயே வச்சுக்கத்தா" என்று காலையிலேயே கெஞ்சியிருந்தார். பாண்டிமீனா கேட்டால்தானே? காப்பித் தட்டை நீட்டினாள். விரலெல்லாம் வெடிப்பு, தோல் உரிந்து சிவந்திருந்தது.

சோணையம்மாள் தம்ளரை எடுக்கவில்லை. கையைப் பிடித்தாள்.

"என்னத்தா இது, சொறியா?"

"அது வெயிலுக்கு..." என்று இழுத்தார் நல்லகாமன்.

"வெயில் இல்லப்பா, சோப்பு" என்றாள் பாண்டிமீனா. "மதுரை ஆஸ்பத்திரில நர்சா இருக்கேன்ல அத்தே, குறைமாசப் பிள்ளைக வார்டு. ஒவ்வொரு பிள்ளையத் தொடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சோப்புப் போட்டுக் கழுவணும். ஒரு நாளைக்கு அறுபது தடவைக்குக் கொறையாது."

"அம்புட்டுத் தடவையா?"

"சோப்பு கிருமியக் கழுவிரும். ஆனா எது கிருமி, எது நம்ம தோலுன்னு அதுக்குத் தெரியாதுல்ல? தோல்ல இருக்க எண்ணெயையும் சேத்து எடுத்துட்டுப் போயிரும்."

"ஒட்டுவாரொட்டி இல்லையே?"

"இல்லத்தே."

சோணையம்மாள் அவள் கையை விட்டாள். தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்தாள். எழுந்தாள்.

"கொழா எங்கிட்டு இருக்கு? சோப்பு கெடக்கா?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான்.

கொல்லையில் குழாய்ச் சத்தம் நிற்கவே இல்லை. மகளைத் தொட்ட கையை இந்தத் தேய்ப்புத் தேய்க்கிறாளே! ஒட்டாது என்று சொன்ன பிறகுமா? பேரையூரோடு மாப்பிள்ளைகள் தீர்ந்துபோகவில்லை என்று நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். பாண்டிமீனா தன் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சோணையம்மாள் ஈரக் கையோடு திரும்பி வந்தாள்.

"பொழுது போகுது, நீங்க கெளம்புங்க" என்று வாயெடுத்தார் நல்லகாமன்.

அவள் காதில் வாங்கவில்லை. பாயை இழுத்துப் போட்டுச் சம்மணங்கால் போட்டு உட்கார்ந்தாள். மருமகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"கை நனைச்சாச்சுண்ணே. எலையப் போடச் சொல்லுங்க."