நாலாவது முத்திரை

"செத்துப்போன மனிசன்ர பேரில இன்னும் எத்தினை கடிதம் எழுதப் போறியள்?"

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தபடி மனைவி யோகமலர் கேட்டாள். சீமோன் நிமிரவில்லை. அன்று காலை மால்டாவிலிருந்து வந்த உறையைக் கத்திரிக்கோலால் ஓரமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறு. முதல்ல கார்மெனா என்ன எழுதியிருக்கிறா எண்டு பாப்பம்."

முப்பது வருடங்களுக்கு முன்பு, கனடாவுக்கு என்று கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் சீமோனின் அண்ணன் அகஸ்ரினை மால்டாவில் விட்டுவிட்டுப் போய்விட்டான். கோயில் வாசலில் காய்ச்சலோடு கிடந்தவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், ஐந்து மாதம் வைத்துப் பார்த்தவர் கார்மெனா. லேஸ் பின்னி விற்றுப் பிழைத்தவர். அகஸ்ரின் ரொறன்ரோ வந்து சேர்ந்த பிறகும் கடிதங்கள் நிற்கவில்லை. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு ஒன்று, உயிர்த்த ஞாயிறுக்கு ஒன்று. அகஸ்ரின் முத்திரை சேர்ப்பவர் என்பதால் உறைக்குள் எப்போதும் இரண்டு மூன்று புது முத்திரைகளும் இருக்கும்.

நாலு வருடத்துக்கு முன் அகஸ்ரின் இறந்தார். அடக்கம் முடிந்த கிழமையே மால்டாவிலிருந்து கடிதம் வந்தது. 'உன் கடிதம் வரும்போதுதான் இந்த வீடு வெளிச்சமாகிறது, மகனே' என்று அதில் இருந்தது. அதைப் படித்த பிறகு சீமோனுக்கு உண்மையை எழுதக் கை வரவில்லை. அண்ணனாகவே பதில் எழுதினார். கை நடுங்குவதால் இனி டைப் பண்ணித்தான் அனுப்புவேன் என்று ஒரு சாட்டும் சொல்லிவைத்தார். அன்று தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

உறைக்குள்ளிருந்து ஒரே வரிசையாக ஒட்டியிருந்த நாலு முத்திரைகள் விழுந்தன.

"நாட்டின்ர பாரம்பரியம் எண்டு புதுசா அடிச்சிருக்கினம். இஞ்ச வந்து பாரன்."

ஒன்றில் நிறம் பூசிய மரப் பல்கணி. ஒன்றில் முன்பக்கத்தில் இரண்டு கண்கள் வரைந்த மீன்பிடி வள்ளம். மூன்றாவதில் திருநாள் பாண்ட் வாத்தியக்காரர். நாலாவதில் நீண்ட தலையணையை மடியில் சாய்த்து வைத்து லேஸ் பின்னும் ஒரு வயதான பெண்.

யோகமலர் குனிந்து பார்த்தாள். "இது அவவெல்லே. அண்ணையின்ர அல்பத்தில இருக்கிற அதே முகம்."

"ஓம், அவதான். எங்கட ஸ்காபரோ, மார்க்கம் ரெண்டு ஊரையும் சேத்தால் அந்த நாட்டை விடப் பெரிசா இருக்கும். ஆனால் லேஸ் பின்னுற மனிசிக்கும் முத்திரை அடிக்கினம். என்னை ஆர் அடிக்கப் போகினம்?"

"அடிக்கிறதெண்டால் நான் இருக்கிறன். கடிதத்தை வாசியுங்கோ."

கடிதத்தில் இரண்டே வரிகள். 'நாலாவது முத்திரையை நன்றாகப் பார், மகனே. பார்த்த பிறகு என்னைக் கோபிக்காதே.'

"உதுக்கு ஏன் கோபிக்க வேணும்?"

"பெருமையடிக்கிறன் எண்டு நினைச்சுப்போடாதை எண்டு சொல்லுறா போல. ஆரும் புகழ்ந்தால் வெக்கப்படுற மனிசி எண்டு அண்ணை சொல்லுவார்."

யோகமலர் கதிரையை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

"இஞ்சாருங்கோ, இப்பிடிப்பட்ட மனிசியை நாங்கள் ஏமாத்தலாமோ? அவ ஒவ்வொரு நாளும் அண்ணையின்ர சுகத்துக்கு மன்றாடுறதா எழுதுறா. அவரின்ர ஆன்மாவுக்கெல்லோ மன்றாட வேணும். நாலு வருசச் செபம் பிழையான இடத்துக்குப் போகுது."

சீமோனுக்குச் சுருக்கென்றது. இதை அவர் யோசித்திருக்கவில்லை.

"தொண்ணூறு தாண்டினவ. கேட்டு ஏதும் நடந்திட்டால்?"

"அநாதையாக் கிடந்த ஆளைத் தூக்கி நிறுத்தின மனிசி. உதையும் தாங்குவா. கடவுள் துணை இருப்பார், எழுதுங்கோ."

அவர் சிலுவை போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். இந்தமுறை டைப் பண்ணவில்லை.

'அன்புள்ள கார்மெனா அம்மா, நான் அகஸ்ரின் இல்லை. அவருடைய தம்பி சீமோன். அண்ணன் இறந்து நாலு வருடமாகிறது. உங்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் மறைத்தேன், மன்னியுங்கள். நீங்கள் அன்று கதவைத் திறந்தபடியால்தான் அவர் இங்கே வந்தார். அவர் வந்தபடியால்தான் நாங்கள் எல்லோரும் வந்தோம். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்லும்போது உங்கள் பெயரையும் சொல்லித்தான் நன்றி கூறுகிறோம். இனியும் சொல்லுவோம்.'

எழுதி முடித்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நெஞ்சு இலேசாகவும் இருந்தது.

"போஸ்ற் ஒஃபிஸ் பூட்ட முந்திக் குடுத்திட்டு வாறன்."

"கொஞ்சம் நில்லுங்கோ. உந்தப் படத்துக்குக் கீழ என்னவோ பொடி எழுத்தில கிடக்கு."

யோகமலர் தன் ஃபோனால் முத்திரையைப் படமெடுத்து, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். ஃபோனை அவரிடம் நீட்டினாள்.

லேஸ் தலையணைக்குக் கீழே கார்மெனாவின் முழுப்பெயரும், அதன் பக்கத்தில் 1931 – 2018 என்றும் இருந்தது.

2018. அகஸ்ரின் இறப்பதற்கும் முன்பு. அதற்குப் பிறகும் நத்தாருக்கு ஒன்று, உயிர்த்த ஞாயிறுக்கு ஒன்று என்று ஒரு கடிதமும் தவறவில்லை.

"அப்ப இவ்வளவு காலமும் எங்களுக்கு எழுதினது ஆர்?"

சீமோன் மறுபடி உட்கார்ந்தார். தான் எழுதிய கடிதத்தை விரித்து, 'அன்புள்ள' என்பதை அப்படியே விட்டு, பெயரை மட்டும் பேனாவால் மெதுவாக வெட்டினார்.

"என்னை மாதிரி ஆரோ ஒருத்தர்."